டெயிலரின் கதாநாயகன்

வேலைத்தலங்களில் ஊழியரை ஒழுங்குக்கு உட்படுத்துவது எவ்வாறு என்று கற்பிக்கும் நூல்கள் முகாமைத்துவம் என்னும் பெயரில் இன்று மலிந்து கிடக்கின்றன. இலக்கிய மாணவர் அவற்றைத் தொடுவதில்லை; வணிகத் துறையாருக்கு உரியன என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆயின் இந்நூல்களுக்கெல்லாம் மூலமாக விளங்கும் சிறு நூலொன்று, நாவலையும் சிறுகதையையும் நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோமோ அதே அளவுகோலால் அளக்கப்படவேண்டியது என்பது என் துணிபு. அந்நூல் தன் வாதத்தை நிலைநாட்டுவதற்குப் பெரிதும் நம்பியிருப்பது ஒரு கதையை. அக்கதையில் கதாநாயகன் இருக்கிறான், பாத்திர வருணனை இருக்கிறது, உரையாடல் இருக்கிறது, கதாசிரியர் சொல்லாது விட்ட சம்பவமும் இருக்கிறது.

பிரெடெரிக் வின்ஸ்லோ டெயிலர் என்னும் அமெரிக்கர் 1911இல் வெளியிட்ட 'விஞ்ஞான முகாமைத்துவத்தின் கோட்பாடுகள்' என்பதே அந்நூல். டெயிலர் 1856இல் பிலடெல்பியா நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஹார்வார்டுக்குச் செல்லத் தகுதி பெற்றும் செல்லாது, பட்டறையில் பயிலுநராகச் சேர்ந்தவர். பின்னர் மிட்வேல் உருக்காலையில் கூலியாளாகப் புகுந்து தலைமைப் பொறியியலாளராக உயர்ந்தவர். வேலையை ஒவ்வோர் அசைவாகப் பிரித்து, நிறுத்தற் கடிகாரத்தால் அளந்து, அதனைச் செய்வதற்குரிய ஒரே சிறந்த முறையைக் கண்டு, அம்முறைப்படியே தொழிலாளி இயங்கவேண்டும் என்று விதிப்பது அவர் கோட்பாட்டின் சாரம். சிந்திப்பது நிருவாகத்தின் வேலை; செய்வது தொழிலாளியின் வேலை.

கதைக்கு வருவோம். களம் பெத்லெஹெம் உருக்காலை, காலம் 1899. எழுபத்தைந்து பேர் கொண்ட கூட்டம் வார்ப்பிரும்புப் பாளங்களைப் புகையிரத வண்டிகளில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. பாளமொன்றின் நிறை 92 இறாத்தல். ஆளொருவர் நாளொன்றுக்கு ஏற்றியது ஏறக்குறைய 12½ தொன். ஏற்றக்கூடியது 47½ தொன் என்று டெயிலர் கணக்கிடுகிறார். அதாவது ஒரே நாளில் 1,156 பாளங்களைக் குனிந்தெடுத்துப் பலகையேறி வைத்துவிட்டு மீளவேண்டும். கூட்டத்தைச் சில நாள் அவதானித்து நால்வரைத் தெரிகின்றனர். நால்வருள் ஒருவன் ஷ்மிட். ஜெர்மானிய வழிவந்த சிறிய உருவினன். மாலையில் வேலை முடிந்து ஒரு மைல் தூரத்திலுள்ள வீட்டுக்குக் காலையில் வந்த அதே சுறுசுறுப்போடு ஓட்டமும் நடையுமாகத் திரும்புபவன்; சிறு நிலம் வாங்கி, வேலைக்கு முன்னும் பின்னும் தன் கையாலேயே வீட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருப்பவன்; காசில் மிகுந்த கருத்துடையவன்.

இவ்வருணனை ஒரு தேர்ந்த சிறுகதையாசிரியனுடைய கைவண்ணம் என்பதில் ஐயமில்லை. வீடு கட்டுகிறான் என்ற ஒரே செய்தியால் ஷ்மிட்டின் தேவையும் பலமும் பலவீனமும் வாசகனுக்குப் புலனாகிவிடுகின்றன. பணம் தேவைப்படும் உடல் வலியன், அத்தகையவன் மறுக்கமாட்டான்.

இனி உரையாடல். நீ உயர்ந்த கூலிக்குரிய ஆளா என்று ஷ்மிட்டைக் கேட்கின்றனர். கேள்வியின் பொருள் தனக்கு விளங்கவில்லை என்று அவன் திரும்பத் திரும்பக் கூறுகிறான். நாளொன்றுக்கு 1.15 டொலருக்குப் பதிலாக 1.85 டொலர் வேண்டுமா என்கின்றனர், வேண்டும் என்கிறான். அப்படியானால் நாளைக் காலை முதல் மாலை வரை, இந்த மனிதர் நட என்றால் நடக்கவேண்டும், இரு என்றால் இருக்கவேண்டும், எதிர்ப்பேச்சு ஒரு சொல்லும் கூடாது என்பது நிபந்தனை. மறுநாள் கடிகாரத்துடன் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். மாலையில் 47½ தொன்னும் ஏறிவிடுகிறது. கதை முடிகிறது.

ஷ்மிட்டின் பேச்சை டெயிலர் சிதைந்த உச்சரிப்போடு எழுத்துக்கு எழுத்து பதிவு செய்கிறார். கேட்பவருடைய பேச்சோ திருந்திய மொழியில் உள்ளது. ஈழத்தில் அறுபதுகளின் முற்பகுதியில் முற்போக்கு எழுத்தாளர் தம் பாத்திரங்களைப் பேச்சுவழக்கில் பேசவைத்தபோது, அதனை இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் பழித்தமையையும், அப்பழிப்புக்கு எதிராக எழுந்த வாதங்களையும் நாம் அறிவோம். உழைப்போர் மொழி ஏட்டில் ஏறுவதே அவர்க்கு மதிப்பு என்பது அன்றைய நம் கட்சி. டெயிலரின் நூல் அக்கட்சிக்கு ஒரு திருத்தத்தை வேண்டிநிற்கிறது. இங்கே வழக்குமொழி ஏறியிருப்பது பேசுபவனை அறிவிலியாகக் காட்டுதற்பொருட்டே. கல்வியறிவுள்ள கம்மியனிடம் இவ்வளவு கடுமையாகப் பேசினால் அது முரட்டுத்தனமாக இருக்கும், மந்த புத்தியுடைய இவ்வினத்தாரிடம் பேசுவதற்கு அது பொருத்தமே என்று ஆசிரியர் தாமே கதையை இடைநிறுத்தி விளக்குகிறார். இவ்வேலைக்குத் தகுந்தவன் எருதை ஒத்த மனமுடையவன் என்பதும் அவர் கூற்றே. தன் வேலைக்குப் பின்னாலுள்ள விஞ்ஞானத்தை அவனால் விளங்கிக்கொள்ளவே இயலாது; ஆதலால் விளங்கிக்கொண்ட ஒருவர் அவனை நடத்தவேண்டும். முழு நூலின் வாதமும் இந்த ஒரு பாத்திரப் படைப்பின்மேல் நிற்கிறது.

பாத்திரத்துக்கு மூலமான மனிதர் ஹென்றி நோல் என்பவர். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையில் இருந்தவர். எருது மனம் என்ற வருணனைக்கு இது இடங்கொடாது.

இதனினும் பாரதூரமானது ஒன்றுண்டு. 1974இல் ரெகே, பெரோனி என்னும் ஆய்வாளர் இருவர் அக்காலத்து அறிக்கைகளைத் துருவிப் பார்த்து, டெயிலரின் கதைக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை வெளிப்படுத்தினர். டெயிலரின் உதவியாளர் முதலில் பத்து வலிய ஆட்களைத் தெரிந்து, அவர்களை விரைந்து ஒரு வண்டியை நிரப்பச் செய்து, அந்த வேகத்தை நாள் முழுமைக்கும் பெருக்கி, ஓய்வுக்கென்று ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மிகுதியை நாளளவாக நிருணயித்தனர். அந்த அளவின்படி துண்டுக் கூலிக்கு வேலை செய்யுமாறு பணிக்கப்பட்டபோது அவ்வாட்கள் மறுத்தனர். மறுத்தவர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அதன் பின்னரே நோல் போன்றோர் வருகின்றனர். டெயிலரின் கதையிலோ மறுப்பும் இல்லை, நீக்கமும் இல்லை. ஒருவனுடைய ஆசையைத் தூண்டி அவன் நன்மைக்காகவே அவனை நடத்திய இனிய வரலாறாக அது அமைந்துவிட்டது. நீக்கப்பட்ட கூட்டத்தின் நிழல் விழுந்த முற்றத்தில்தான் ஷ்மிட் 'வேண்டும்' என்று சொன்னான் என்பது வாசகனுக்குத் தெரிந்திருந்தால், அச்சொல்லின் பொருளே வேறாகியிருக்கும்.

தண்டனையைப் பற்றி டெயிலருக்குத் தெரியாதென்று எவரும் கருதவேண்டாம். 1903இல் அவர் எழுதிய 'பட்டறை முகாமைத்துவம்' என்னும் முந்திய நூலில் ஒழுங்கை நிலைநாட்டும் வழிகளை வெளிப்படையாகவே வரிசைப்படுத்துகிறார்: கூலியைக் குறைத்தல், சிலகாலம் வேலையின்றி நிறுத்திவைத்தல், குற்றப்பணம் அறவிடல், கரும்புள்ளியிட்டு வருதல். குற்றப்பணமே சிறந்ததென்பது அவர் முடிபு. ஆயின் அறவிட்ட பணம் முதலாளியின் பைக்குப் போகாது தொழிலாளரின் உதவி நிதிக்கே திரும்பவேண்டும் என்கிறார். இது அவர்பால் நாம் மதிக்கத்தக்க ஓர் அம்சம். கண்காணியின் தண்டப் புத்தகம் அடிமை மேய்ப்பனின் சவுக்குக்குப் பதிலாக வந்தது என்று 1867இலேயே எழுதிய மார்க்ஸ், அத்தண்டப் பணம் முதலாளிக்கு இலாபமாவதையும் சேர்த்தே கண்டித்தார்.

மிட்வேலில் தாம் நடத்திய மூன்றாண்டுப் போரை டெயிலர் கூறும் பகுதி ஷ்மிட் கதையைவிட உண்மையானது. கூலி விகிதம் வெட்டப்படும் என்ற பயத்தால் வேகத்தைக் கட்டிவைத்திருந்த கம்மியரை அவர் நெருக்கினார். கம்மியர் வேண்டுமென்றே இயந்திரங்களை உடைத்து, அவருடைய ஏவலால் உடைந்தன என்றனர். இரவில் புகையிரதப் பாதை வழியே இரண்டரை மைல் தனியே நடந்து போகவேண்டாம் என்று நண்பர் எச்சரித்தனர். அவர் ஆயுதமின்றி நடந்தார். தாம் வென்றதற்குக் காரணம் என்ன என்றும் சொல்கிறார். தாம் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவரல்லர், அவர்களுடைய சேரியில் வாழவுமில்லை. வாழ்ந்திருந்தால் அயலாரின் வெறுப்பைத் தாங்கியிருக்கமுடியாது என்கிறார். வர்க்கம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே வர்க்கத்தைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் பக்கங்கள் அக்கால முதலாளித்துவ எழுத்தில் மிகவில்லை. வேகத்தைக் கட்டுவதற்குத் தொழிலாளர்க்கு நியாயம் இருந்தது என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். விஞ்ஞானம் வந்தால் இப்போர் ஒழியும் என்று அவர் மெய்யாகவே நம்பியிருக்கலாம்.

நூல் சஞ்சிகையில் தொடராக வந்த அதே ஆண்டில் நாவலாசிரியர் அப்டன் சிங்கிளெயர் அதற்கு மறுப்பெழுதினார். வேலை பன்மடங்காகக் கூலி மட்டும் 61 வீதம் உயர்ந்ததென்ன நியாயம் என்பது அவர் வினா. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். முன்னர் ஒரு தொன்னுக்குத் தொழிலாளி பெற்றது 9 சதத்துக்குச் சற்று மேல். பின்னர் பெற்றது 4 சதத்துக்கும் குறைவு. டெயிலரின் விடை, பொருளை நுகரும் பொதுமக்களுக்கும் பங்குண்டு என்பதாகும். சிங்கிளெயர் கூலியைப் பற்றி வாதாடினார். எதிர்ப்பேச்சு கூடாதென்ற நிபந்தனையை வாதத்தின் மையத்துக்குக் கொண்டுவரவில்லை. நாவலாசிரியர் ஒருவர் உரையாடலை விட்டுவிட்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டது வியப்பே.

அந்நிபந்தனையை மையத்துக்குக் கொண்டுவந்தவர்கள் வோட்டர்டவுன் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர். 1911 ஓகஸ்டில், நிறுத்தற் கடிகாரத்தின் முன் வேலை செய்ய மறுத்த ஒருவர் நீக்கப்பட, மற்றையோரும் வெளியேறினர். வேலைநிறுத்தம் ஒரு வாரமளவே நீடித்தது. ஆயின் அதன் பயனாக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. தலைவர் வில்லியம் வில்சன் சிறுவயதிலேயே சுரங்கத்தில் உழைத்தவர். 1912 ஜனவரியில் டெயிலர் சாட்சியமளித்தபோது, முதல்தரத் தொழிலாளியல்லாதவன் கதி என்ன என்று தலைவர் கேட்டார். டெயிலர் குதிரைகளை உவமித்தார். பாடவல்லதாயிருந்தும் பாடாத பறவைக்குத் தம் முறையில் இடமில்லை என்றார். நாம் பேசுவது குதிரைகளைப் பற்றியோ பாடும் பறவைகளைப் பற்றியோ அன்று, மனிதரைப் பற்றி என்று தலைவர் குறுக்கிட்டார். உவமை எந்த இடத்தில் விளக்கத்தை விட்டு விலகி மறைப்பாக மாறுகிறது என்பதை அணியிலக்கணம் படித்த நம்மவர்க்கு இதனைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது. 1915இல் காங்கிரஸ் அரச படைக்கலச் சாலைகளில் கடிகார அளவைக்குப் பணம் செலவிடுவதைத் தடுத்தது. அவ்வாண்டிலேயே டெயிலரும் காலமானார்.

இவ்வளவோடு நிறுத்தினால் முற்போக்கு வாசகர் மனநிறைவுடன் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆயின் இக்கதைக்கு நம் பக்கத்திலும் ஓர் அத்தியாயம் உண்டு. அதனைப் பேசாது விடுவது விமர்சனமாகாது.

1913இலும் 1914இலும் லெனின் டெயிலர் முறையைக் கடுமையாகத் தாக்கினார். வியர்வையைப் பிழியும் விஞ்ஞானம் என்றும், மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குவது என்றும் அவர் கண்டார். 1918 ஏப்ரலில், ஆட்சிப் பொறுப்பேற்ற பின்னர், அம்முறையில் சுரண்டலின் நுட்பமான கொடுமையும் விஞ்ஞானத்தின் பெரும் சாதனைகளும் ஒருங்கே உள்ளன, பின்னதைச் சோவியத் அரசு கற்கவேண்டும் என்றார். இதனை வெறும் முரண்பாடென்று தள்ளுவது எளிது. போராலும் பசியாலும் ஆலைகள் நின்றுபோன நாட்டில் உற்பத்தியை எழுப்பவேண்டியிருந்த நிலையை மறக்கலாகாது. அன்றியும், 1914ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, தொழிலாளரின் குழுக்கள் சமூக உழைப்பைத் தாமே பகிர்ந்து ஒழுங்குசெய்யும் காலத்துக்கு இம்முறை தன்னையறியாமல் வழியமைக்கிறது என்று அவர் குறித்திருந்தார். அக்குறிப்பின் உயிர் 'தொழிலாளரின் குழுக்கள்' என்ற சொற்களில் இருக்கிறது. பின்வந்த ஆண்டுகளில் கடிகாரம் தங்கியது, குழுக்கள் தேய்ந்தன.

அலெக்சேய் காஸ்தெவ் என்னும் கவிஞனின் வாழ்க்கை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. உலோகத் தொழிலாளியாகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்தவன் அவன். ஆலையின் ஓசையைக் கவிதையாக்கி 1918இல் வெளியிட்ட தொகுதியால் புகழ்பெற்றவன். 1920இல் மொஸ்கோவில் மத்திய உழைப்பு நிறுவனத்தை அமைத்து, சுத்தியலால் உளியை அடிக்கும் அசைவையும் அரத்தால் தேய்க்கும் அசைவையும் படம்பிடித்து ஆராய்வதில் ஆழ்ந்தான். சிறிது காலத்தில் கவிதையையும் விட்டான். அவனுடைய நோக்கத்தில் ஒரு பெருமிதம் இருந்தது: அசைவின் அறிவு தொழிலாளியின் கைக்கே வரவேண்டும் என்பது. 1938இல் கைதுசெய்யப்பட்டு 1939இல் சுட்டுக்கொல்லப்பட்டான்.

இதே காலத்தில் யெவ்கேனி சமியாத்தின் 'நாம்' என்னும் நாவலை எழுதினார். கப்பற் பொறியியலாளரான அவர் இங்கிலாந்தின் கப்பற் தளங்களில் பணிசெய்தவர். ஆலையை வெளியே நின்று பார்த்தவரல்லர். நாவலில் மனிதருக்குப் பெயரில்லை, எண்ணே உண்டு. அனைவரும் ஒரே மணிநேர அட்டவணைப்படி எழுந்து, உண்டு, உழைக்கின்றனர். பண்டையோர் காண்டைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதிவைத்து, டெயிலரைக் கவனியாது விட்டனரே என்று கதைசொல்லி வியக்கிறான். 1924இல் நியூயோர்க்கில் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்நூல் சோவியத் நாட்டில் அச்சேறியது 1988இல். இதனைச் சோசலிச விரோத நூலென்று ஒதுக்கிய நண்பரும் உளர். அதன் குறைகளை நானும் அறிவேன். அதிலுள்ள தொழிலாளர் ஒரே திரளாகவே தோன்றுகின்றனர், தனிமுகம் பெறுவது பொறியியலாளனே. ஆயின் எதனை எதிர்த்து அது எழுதப்பட்டதோ அது கற்பனையன்று. 1940 ஜூனில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, அனுமதியின்றி வேலையை விட்டு விலகுவதைச் சிறைக் குற்றமாக்கியது. இருபது நிமிடத்துக்கு மேல் பிந்தி வருவதும் குற்றமாகி, ஆறு மாதம் வரை கூலியில் நாலிலொரு பங்கு வெட்டப்பட இடந்தந்தது. போர் நெருங்கிய காலம் என்று சமாதானம் கூறலாம். ஆனால் வேலையை விட்டு ஓடுவதையும் பணியாமையையும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களாக்கிய சட்டம் ஒன்றை 1865இல் இலங்கையில் ஆங்கிலேயர் இயற்றினர். தோட்டத் துரைமாரின் கையில் அது என்ன செய்தது என்பதை அறிந்த நாம், அதே விதி செங்கொடியின் கீழ் வரும்போது வேறு பெயரிட்டு அழைக்கமுடியாது.

ஸ்தகானொவின் கதையையும் ஷ்மிட்டின் கதையோடு சேர்த்துப் படித்தல் நன்று. 1935 ஓகஸ்ட் இறுதியில், 7 தொன் வெட்டவேண்டிய ஒரு முறையில் 102 தொன் நிலக்கரி வெட்டியதாகப் போற்றப்பட்டவர் அவர். அவர் துளையிட்டுக்கொண்டே செல்ல, தூண் நிறுத்தும் வேலையை உடனிருந்த இருவர் செய்தனர். புகழ் ஒருவர் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டில் நாட்டின் பல தொழில்களிலும் நாளளவு உயர்த்தப்பட்டது. ஷ்மிட் எருதாக வருணிக்கப்பட்டான். ஸ்தகானொவ் வீரராக வருணிக்கப்பட்டார். வருணனை மாறியதேயன்றி, பக்கத்து ஆளுக்கு நேர்ந்தது மாறவில்லை. வீரரைப் பாடிய நாவல்கள் பல. உயர்ந்த அளவை எட்டமுடியாத பக்கத்து ஆளின் மாலைப்பொழுதைப் பாடியவை சில.

சார்லி சப்ளினின் 'மொடேர்ன் டைம்ஸ்' (1936) படத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டனர். உணவூட்டும் இயந்திரமும் மலசலகூடத்துச் சுவரில் தோன்றி அதட்டும் முதலாளியின் முகமும் யாவர்க்கும் நினைவிருக்கும். ஒன்றை மட்டும் சொல்லலாம்: ஷ்மிட்டை மேலிருந்து பார்த்த கண், இங்கே கீழிருந்து மேலே பார்க்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். ஒழுகுதல் என்ற வினையடியாகப் பிறந்த ஒழுக்கம் என்ற சொல், ஒருவர் தாமே நடந்துகொள்ளும் நெறியைச் சுட்டுவது. நம் கந்தோர்களில் வழங்கும் ஒழுக்காற்று விசாரணை, ஒழுக்காற்று நடவடிக்கை என்னும் தொடர்களிலோ ஒழுக்கம் ஒருவர்மீது இன்னொருவர் நடத்தும் காரியமாகிவிட்டது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த இம்மாற்றம் சிறிதன்று. 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தை எடுத்துக்கொண்டு வள்ளுவரை முகாமைத்துவ ஆசானாக்கும் சொற்பொழிவுகளும் இன்று மிகுந்துவிட்டன. அவ்வதிகாரம் அரசன் அதிகாரிகளைத் தெரியும் முறை பற்றியது. கூலிக்கு உழைப்பவனை நிறுத்தற் கடிகாரத்தின்முன் நிறுத்துவதற்கு அதில் ஆதாரம் தேடுவது உரையாசிரியர் எவர்க்கும் தோன்றாத உரை.

டெயிலரின் நாளளவு நம் மலையகத்திலும் நாள்தோறும் இயங்குகிறது. குறித்த கிலோ கொழுந்து பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் எழுதப்படுவதும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசின்முன் பெண்கள் வரிசையாக நிற்பதும், சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையில் கழிக்கப்படுவதும் அங்கே பிறந்த எந்த மாணவருக்கும் தெரிந்தவை. மலையகத்தைப் பற்றிய நம் கதைகள் பலவற்றில் துரையின் அதட்டல் வருகிறது, லயத்தின் துயரம் வருகிறது, வேலைநிறுத்தமும் செங்கொடியும் வருகின்றன. வேலையே விரிவாக வருவது அரிது. தொழிலாளி ஒன்றில் அழுகிறாள், அன்றேல் எழுச்சிகொள்கிறாள். அவ்விரண்டுக்கும் நடுவில் எட்டு மணிநேரம் அவள் கை என்ன செய்தது என்பது தெரிவதில்லை. எந்த மலையில் கொழுந்து அடர்த்தி, எந்த மலையில் ஐதாக உள்ளது, மழைநாளில் நாளளவு எட்டுமா, எட்டாத தோழிக்கு மற்றவள் தன் கூடையிலிருந்து ஒரு பிடி போடுவாளா, அதைக் கண்ட கங்காணி என்ன செய்வார், தராசின் முள்ளை யார் பார்ப்பது, கழிவைக் கேட்டவளுக்கு மறுநாள் எந்த மலை ஒதுக்கப்படும் - இவற்றை எழுதுவதற்குரியவர்கள் இன்று நம் வகுப்பறைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் மாலை நிறுவை முடிந்து வீடு வந்ததும் கேட்டு எழுதக்கூடியவர்கள்.